வாங்கில் இருக்கும் ஏழு பேருக்கு என்ன வேலை? கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணிக்கு நான்கு வழிகள்

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்தாட்டத்துக்குப் பொறுப்பாக உள்ள ஆசிரியர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மாகாண மட்டப் போட்டிக்கு 12 பெயர் கொண்ட பட்டியலை அவர் அனுப்ப வேண்டும். தொடக்க ஐவர் யார் என்பதில் அவருக்கும் அணித்தலைவனுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மிச்சம் ஏழு பேரில் யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதில்தான் மூன்று வாரமாக முடிவு வரவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவன் தூரத்திலிருந்து நன்றாக எறிபவன். அவனுடைய தகப்பனார் பாடசாலைக்கே வந்து, "என்ர மகன் ஏன் சேர் வாங்கில இருக்கிறான்?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெண்கள் அணிகளுக்குப் பொறுப்பான ஆசிரியைகள் இருவரும் இதையே வேறு சொற்களில் முன்னர் கேட்டிருப்பதால், ஆட்டக்காரனாகச் சில வருடங்களும் புள்ளிப் பதிவு மேசையில் பல வருடங்களும் இருந்தவன் என்ற முறையில், விடையை விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்கு என்ற சொல்லோடு நம் ஊரில் ஒட்டியிருக்கும் மனக்குறை பெரும்பாலும் கிரிக்கெட்டிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். 1904 இல் தொடங்கிய, வடக்கின் பெருஞ்சமர் என்ற கல்லூரிக் கிரிக்கெட் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் ஆள் என்றால் தண்ணீர்ப் போத்தல் கொண்டு ஓடுகிறவன். களத்தடுப்புக்கு இறங்கினாலும் அவனுக்குச் சாதாரணமாகத் துடுப்பும் இல்லை, பந்தும் இல்லை. உதைபந்தாட்டத்தின் பெரிய போட்டிகளில் வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக முடியாது. கரப்பந்தாட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர் ஒரு சுற்றில் ஒரு தடவை மட்டும், அதுவும் தான் விட்டுவந்த இடத்துக்கே, திரும்பலாம். கூடைப்பந்தாட்டத்திலோ ஒருவர் எத்தனை தடவையும் வெளியே வரலாம், எத்தனை தடவையும் உள்ளே போகலாம். ஆகவே மற்ற ஆட்டங்களில் பதில் ஆளாக இருப்பவர் இங்கே ஆட்டத்தின் ஒரு பகுதிக்கு உரிய ஆளாக இருக்கிறார். எது அந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்காமல் அவரை நல்லவர், சுமாரானவர் என்று மதிப்பிடத் தொடங்குவதுதான் பெரும்பாலான குழப்பங்களின் வேர்.

## முதலில் அளவுகோல்கள்

நிமிடங்கள். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஆட்டம் பத்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். களத்தில் ஐவர் என்பதால் பங்கிட வேண்டியவை மொத்தம் 200 ஆள்நிமிடங்கள். தொடக்க ஐவர் ஆளுக்கு 32 நிமிடம் ஆடினால் 160 போய்விடும், மிஞ்சுவது 40. அந்த நாற்பதை ஏழு பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு ஆறு நிமிடம்கூட வராது. உடம்பு சூடேறி, தடுப்பாட்டத்தில் தன் ஆளைப் பழகிக்கொள்வதற்குள் ஆறு நிமிடம் முடிந்துவிடும் என்பதால், எல்லோருக்கும் கொஞ்சம் என்ற நியாயம் ஒருவருக்கும் பயன்படுவதில்லை. சில போட்டிகளில் நேரத்தைக் குறைத்து வைப்பார்கள், அப்போது கணக்கையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்க.

நம்முடைய திடல்கள் பல திறந்தவெளிச் சீமெந்துத் தரைகள். சித்திரை வெயிலில் பிற்பகல் ஆட்டம் என்றால் மூன்றாம் கால்பகுதியின் முடிவிலேயே கால் இழுக்கத் தொடங்கிவிடும். களைப்பை ஆட்டக்காரரிடம் கேட்டு அறிய முடியாது. எவனும் "ஓம் சேர், களைச்சுப் போனன்" என்று சொல்லமாட்டான். அவனுடைய எறிகைகள் வளையத்தின் முன்விளிம்பில் படத் தொடங்குவதும், தடுப்பாட்டத்தில் காலை நகர்த்தாமல் கையை நீட்டுவதுமே அடையாளங்கள்.

பௌல். ஐந்தாவது பௌலோடு ஒருவரின் ஆட்டம் முடிகிறது. அதைவிட நுட்பமானது அணியின் கணக்கு. ஒரு கால்பகுதியில் அணி நான்கு பௌல் செய்துவிட்டால், அதன் பின்னர் செய்யும் ஒவ்வொரு தடுப்பாட்டப் பௌலுக்கும் எதிரணிக்கு இரண்டு பிரீ த்ரோ (எவரும் தடுக்காமல் எறியும் எறிகை) கிடைக்கும். அந்த நிலையில் உள்ளே போகும் பதில் ஆட்டக்காரர் உற்சாக மிகுதியில் முதல் நிமிடத்திலேயே கையை நீட்டினால், அவர் எறிந்து சேர்க்கக்கூடிய புள்ளிகளை அவரே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறார்.

சரிவு. ஒருவரை வெளியே எடுத்தால் எது உடைகிறது? உயரமான ஒருவன் வெளியேறினால் ரீபவுண்ட், அதாவது தவறிய எறிகைகளைப் பிடித்தெடுப்பது, குறையும், ஆனால் மற்றவர்கள் சேர்ந்து ஓரளவு ஈடுகட்டலாம். எதிரணி முழுத் திடலிலும் நெருக்கும்போது எட்டு விநாடிக்குள் பந்தைப் பாதித் திடலைத் தாண்டிக் கொண்டுவருபவன் வெளியேறினால் முழு ஆட்டமும் உடையும். நம் கல்லூரி அணிகளில் இந்த இடத்துக்கு இரண்டாம் ஆள் இருப்பது அரிது.

பயிற்சி நேரம். பாடசாலை விட்ட பின் ரியூசன் தொடங்கும் வரைக்கும் உள்ள நேரமே பயிற்சி நேரம். மின்னொளி இல்லாத திடலில் மார்கழியில் அது இன்னும் சுருங்கும், மழை நாட்களில் இல்லாமலே போகும். ஒரு முறைக்கு எவ்வளவு ஒத்திகை வேண்டும் என்பதை இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

பரீட்சைக் காலண்டர். உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது இருவரோ மூவரோ விலகுவார்கள். இன்று வாங்கில் இருப்பவன் அடுத்த வருடம் ஐவரில் ஒருவன்.

மனம். இதை அளக்க முடியாது. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் பயிற்சிக்கு வந்தான் என்ற வரவுப் பதிவில் அது தெரியும்.

## ஒரு கொப்பி இல்லாமல் மதிப்பீடு இல்லை

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். போட்டிக்குப் பிறகு நடுவர் கையொப்பமிடும் உத்தியோகபூர்வப் புள்ளித்தாளை வைத்துப் பதில் ஆட்டக்காரரை மதிப்பிடுவது பலருக்கும் வழக்கம். அந்தத் தாளில் யார் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை பௌல் செய்தார் என்பது இருக்கும், யார் களத்தில் இறங்கினார் என்பதற்கு ஒரு கீறுகுறி இருக்கும். எத்தனை நிமிடம் ஆடினார் என்பது அதில் இல்லை. ரீபவுண்ட் இல்லை, பந்தைப் பறித்ததும் பறிகொடுத்ததும் இல்லை. ஆகவே அந்தத் தாளை மட்டும் பார்ப்பவருக்கு, புள்ளி எடுக்காதவன் ஒன்றும் செய்யாதவனாகவே தெரிவான்.

வாங்கில் இருக்கும் இளைய மாணவன் ஒருவனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து நான்கு நிரல்கள் போடச் சொல்லுங்கள்: உள்ளே போன நேரம், அப்போதைய புள்ளிநிலை, வெளியே வந்த நேரம், அப்போதைய புள்ளிநிலை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவன் 22–25 என்ற நிலையில் உள்ளே போகிறான், 31–29 என்ற நிலையில் வெளியே வருகிறான். அவன் இருந்த நேரத்தில் அணி 9 எடுத்து 4 கொடுத்திருக்கிறது, ஆகவே அவனுக்கு மிகை 5. அவன் தனியாக ஒரு புள்ளியும் எடுக்காமல் இருந்திருக்கலாம். இன்னொருவன் அதே ஆட்டத்தில் ஏழு நிமிடத்தில் 6 புள்ளி எடுத்தும், அந்த நேரத்தில் அணி 12 கொடுத்து வேறு எதுவும் எடுக்காமல் இருந்தால் அவனுக்குக் குறை 6. கைதட்டு இரண்டாமவனுக்கே விழுந்திருக்கும்.

இந்தக் கணக்குக்கும் குறைகள் உண்டு. ஓர் ஆட்டத்தின் மிகை, குறையை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது, ஐந்தாறு ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாரோடு சேர்ந்து ஆடினான், எதிரணியின் எந்த ஐவருக்கு எதிராக ஆடினான் என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும். இருபது புள்ளி முன்னிலையில் கடைசி நான்கு நிமிடம் ஆடியதைத் தனிப் பக்கத்தில் எழுதுவது நல்லது. எட்டு நிமிடத்தில் 6 புள்ளி எடுத்தவனுக்கு, 40 நிமிடம் கொடுத்தால் 30 எடுப்பான் என்று பெருக்கிப் பார்ப்பது கணக்குப் பாடத்தில் சரியாக இருக்கலாம், திடலில் சரிவராது.

இனி வழிகள்.

## வழி 1: ஏழு பேரோடு நிறுத்திக்கொள்வது

தொடக்க ஐவரோடு இருவர் மட்டும் மாறி மாறி இறங்குவது. பெரும்பாலான கல்லூரிகள் யோசிக்காமலே வந்துசேரும் வழி இதுதான். ஒருவரையொருவர் அறிந்த ஐவர் கூடிய நேரம் களத்தில் இருப்பதால் தவறான பாஸ் குறையும், பயிற்சியில் ஒத்திகை பார்க்க வேண்டியதும் குறைவு. தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டத்துக்கு, குறிப்பாக ஐவருக்கும் ஆறாம் ஆளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும் அணிக்கு, இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

செலவு பின்னால் வருகிறது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்கும் போட்டிகளில் மாலை ஆட்டத்துக்குக் கால் இருக்காது. முதற்பாதியில் இருவர் மூன்று பௌல் வாங்கிவிட்டால், அதுவரை ஒரு நிமிடமும் ஆடாத எட்டாம் ஆளை மிக முக்கியமான நேரத்தில் இறக்க வேண்டிவரும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத செலவு ஒன்று உண்டு. தங்களுக்கு ஆட்டம் கிடைக்காது என்று தெரிந்த ஐவரில் மூவர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினால், மிச்சம் ஒன்பது பேர். ஐவருக்கு ஐவர் ஆடிப் பழகப் பத்துப் பேர் வேண்டும். நாலுக்கு நாலு ஆடிப் பழகிய அணி, ஆளைத் தொடராமல் ஐவரும் ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் சோன் தடுப்பை முதன்முதலாகப் போட்டியன்றுதான் சந்திக்கும்.

## வழி 2: ஆறாம் ஆள்

தொடக்க ஐவருக்குச் சமமான, சில வேளை அவர்களிற் சிலரைவிடத் திறமான ஒருவரை வேண்டுமென்றே வாங்கில் வைத்து, ஐந்தாறு நிமிடம் கழித்து இறக்குவது. இதை ஒரு முறையாக ஆக்கியவர் அமெரிக்காவின் பொஸ்டன் செல்டிக்ஸ் அணிப் பயிற்றுநர் ரெட் அவர்பாக். முதலில் பிராங்க் ராம்சே, பிறகு ஜோன் ஹாவ்லிசெக் ஆகியோரை அவர் அப்படிப் பயன்படுத்தினார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்பிஏ 1982–83 பருவத்திலிருந்து சிறந்த ஆறாம் ஆளுக்குத் தனி விருதே கொடுக்கிறது, அந்தக் கிண்ணம் இப்போது ஹாவ்லிசெக்கின் பெயரில் உள்ளது. 2015 இல் ஆந்த்ரே இகுவோடாலா வழமையான பருவத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காதவர். இறுதித் தொடரில் நாலாம் ஆட்டத்திலிருந்து தொடக்க ஐவரில் சேர்க்கப்பட்டு, அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். கல்லூரி ஆட்டத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் 2018 ஐப் பார்க்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான தேசிய இறுதியாட்டத்தில் வில்லனோவா, மிச்சிகனை 79–62 என்று வென்றது. வாங்கிலிருந்து இறங்கிய டொன்டே டிவின்சென்சோ 31 புள்ளி எடுத்து, அந்தச் சுற்றின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார்.

யாரை ஆறாம் ஆளாக்குவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆறாவது சிறந்தவரை ஆறாம் ஆள் என்று அழைப்பது வெறும் வரிசை. இந்த வேலைக்கு வேண்டியவர் இரண்டு இடத்திலாவது ஆடக்கூடியவர், பந்தைக் கொண்டுவரத் தெரிந்தவர், முதல் ஐந்து நிமிடத்தை வாங்கிலிருந்து கவனித்து எதிரணியின் எந்தத் தடுப்பாட்டக்காரர் மெதுவானவர் என்று கண்டுபிடிக்கக்கூடியவர். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபிபா விதிப்படி மாற்றம் கேட்கும் உரிமை பதில் ஆட்டக்காரருக்கே உரியது. பயிற்றுநர் வாங்கிலிருந்து கத்துவதால் மாற்றம் நடக்காது. ஆட்டக்காரர் தானே எழுந்து, ஆடத் தயாரான உடையோடு, பதிவு மேசைக்குப் போய்க் கேட்க வேண்டும். பந்து செத்து, மணி நின்ற பிறகே நடுவர் அழைப்பார். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பவனுக்கு அந்த வாய்ப்பு தப்பிவிடும், அடுத்தது இரண்டு நிமிடம் கழித்து வரலாம். மேசையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவன் நல்ல ஆறாம் ஆளா என்பது அவன் மேசைக்கு வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இந்த வழியின் செலவுகளில் ஒன்று தொடக்கத்தில் விழும். திறமான ஒருவர் வெளியே இருப்பதால் முதல் நான்கு நிமிடத்தில் 8–0 என்று பின்தங்கும் நாட்கள் இருக்கும், அப்போது பதற்றப்பட்டு ஒழுங்கை மாற்றாத பொறுமை பயிற்றுநருக்கு வேண்டும். பெரிய செலவு மனத்தில் விழுகிறது. தொடக்க ஐவரை ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராக அழைக்கும் போட்டிகளில் அந்தப் பெயர் வராது, வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்கள் அதையே கேட்பார்கள். என்னையும் ஒரு பருவத்தில் இப்படித்தான் வைத்தார்கள். ஏன் என்று எவரும் சொல்லவில்லை. இரண்டாம் தவணையோடு நான் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பல வருடங்களுக்குப் பின் ஒரு கலியாண வீட்டில் பயிற்றுநரைச் சந்தித்தபோது, களைத்துப்போன எதிரணியின் மேல் உன்னை விடுவதற்காகத்தானே வைத்திருந்தேன் என்று வெகு சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரு வசனத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே இந்த வழியைத் தெரிவுசெய்பவர் பருவம் தொடங்குமுன் அந்த மாணவனை அழைத்து, ஏறத்தாழ எத்தனை நிமிடம் ஆடுவான், எந்த நேரத்தில் இறங்குவான், கடைசி ஐந்து நிமிடத்தில் களத்தில் இருப்பானா என்பவற்றை எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரைவிட முடிக்கும் ஐவர் யார் என்பதே முக்கியம். 24 நிமிடம் ஆடி, முடிக்கும் ஐவரிலும் நிற்பவன், 18 நிமிடம் ஆடும் தொடக்க ஆட்டக்காரனைவிட அணிக்குள் பெரிய ஆள். வீட்டாருக்கு இது விளங்க நாளாகும், மாணவனுக்கு ஒரே நாளில் விளங்கும்.

## வழி 3: ஐவருக்குப் பதில் ஐவர்

பத்துப் பேரை இரண்டு அணியாகப் பிரித்து, முழு ஐவரையும் ஒரே அடியாக மாற்றுவது. கேட்கும்போது மிகவும் கவர்ச்சியான வழி. 2014–15 பருவத்தில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ஜோன் காலிபாரி இப்படித் தொடங்கினார். தொடர்ந்து 38 ஆட்டங்களை வென்ற அந்த அணி, தேசிய அரையிறுதியில் விஸ்கொன்சினிடம் 71–64 என்று தோற்றது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், டிசம்பரிலேயே ஒருவர் முழங்கால் காயத்தோடு விலக, இரு ஐவர் ஒழுங்கு அதன் பின் தளர்ந்துவிட்டது. நாடெங்கும் தேடிப் பொறுக்கிய ஆட்டக்காரர்களைக் கொண்ட இடத்திலேயே ஒரு காயத்தோடு உடைந்த ஒழுங்கு அது.

சிறிய கல்லூரிக்கு நெருக்கமான உதாரணம் அயோவாவில் உள்ள கிரினெல் கல்லூரி. அங்கே டேவிட் அர்செனோ நிமிடத்துக்கும் குறைவான இடைவெளிகளில் ஐவரையும் மாற்றி, முழுத் திடலிலும் நெருக்கி, எடுத்த எடுப்பில் மூன்று புள்ளி எறிகைகளைப் பொழியும் ஒரு முறையை நடத்தினார். எதிரணி இலகுவாகச் சில கூடைகள் போடுவதை அந்த முறை தெரிந்தே அனுமதிக்கிறது. அந்தப் பண்டமாற்று தலையில் ஏறாத அணி பாதி முறையை எடுத்துக்கொண்டு, இலகுவான கூடைகளை மட்டும் கொடுக்கும்.

யாழ்ப்பாணத்து வெயிலில் இந்த வழிக்கு ஒரு நியாயம் உண்டு. ஏழு பேரோடு வரும் எதிரணியை முழுத் திடலில் ஓடவிட்டால் நாலாம் கால்பகுதியில் அவர்களிடம் மூச்சு இருக்காது. ஆனால் ஃபிபா விதி நினைத்த நேரத்தில் ஐவரை மாற்ற விடாது. பந்து கூடையில் விழுந்த பிறகு மாற்றம் என்பது நாலாம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்திலும் மேலதிக நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்திலும், அதுவும் கூடையைக் கொடுத்த அணி கேட்டால்தான். மற்ற நேரத்தில் விசில் வரும் வரைக்கும் ஐவரும் மேசையருகே காத்திருக்க வேண்டும். இரண்டாம் ஐவரில் பந்தைக் கொண்டுவர ஒருவரும் இல்லாவிட்டால் அவர்களுடைய எட்டு விநாடிகள் நமக்கு நெஞ்சிடி. பயிற்சியும் இரட்டிப்பாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அணியின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் இருபது நிமிடம் வெளியே இருப்பார்.

இளைய வயதுப்பிரிவுக்கும், பருவத்துக்கு முந்திய சினேகபூர்வ ஆட்டங்களுக்கும் இதை நான் தயங்காமல் சொல்வேன். மூத்த அணிக்கு மாகாண மட்டத்தில் சொல்லமாட்டேன்.

## வழி 4: ஒரு வேலைக்கு ஒருவர்

எதிரணியின் முக்கிய எறிகைக்காரனை ஒட்டி நிற்க ஒருவன், சோன் தடுப்பை உடைக்கத் தூரத்திலிருந்து எறிய ஒருவன், கூடைக்கடியில் இடம்பிடிக்க உயரமான ஒருவன் என்று பிரித்துவைத்து, தேவை வரும்போது மட்டும் இறக்குவது. பயிற்சி நேரம் குறைந்த நம் அணிகளுக்கு இது பொருந்தும். ஒருவன் எல்லாவற்றையும் கற்க இரண்டு வருடம் எடுக்கலாம், ஒரு வேலையை ஒரு தவணையில் கற்கலாம்.

இந்த வழி உச்சமாகப் பயன்படும் இடம் கடைசி இரண்டு நிமிடம். கூடையைக் கொடுத்த அணி அப்போது உடனே ஆள் மாற்றலாம் என்று மேலே சொன்னேன். இரண்டாம் பாதிக்கு மூன்று ரைம் அவுட் உண்டு, நாலாம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் அவற்றில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. இவற்றைச் சேர்த்துத் திட்டமிடுபவர், பந்து நம் கையில் இருக்கும்போது எறிகைக்காரனையும், எதிரணியின் கையில் இருக்கும்போது தடுப்பாட்டக்காரனையும் மாற்றி மாற்றி நிறுத்தலாம்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே திருத்த வேண்டும். பிரீ த்ரோ நன்றாக எறிபவனை, நமக்குப் பௌல் கிடைத்த பிறகு இறக்கி எறியவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பௌல் செய்யப்பட்டவரே எறிய வேண்டும். அவர் காயப்பட்டு வெளியேறுவது போன்ற சில நிலைமைகளில் மட்டும் அவருடைய இடத்துக்கு வருபவர் எறிவார். ஆகவே முன்னிலையில் இருக்கும்போது, எதிரணி வேண்டுமென்றே பௌல் செய்யத் தொடங்குமுன், அந்த ஆள் களத்துக்குள் இருக்க வேண்டும்.

செலவு என்னவென்றால், எறிகைக்காரன் எழுந்தவுடனே எதிரணி வாங்கும் எழுந்து "அவனை விடாதை" என்று கத்தும். முப்பது நிமிடம் குளிர்ந்திருந்த கை முதல் எறிகையில் வளையத்தைத் தொடாமலும் போகலாம். அதற்காக அவனைத் தண்டிப்பது அநியாயம், இரண்டாம் கால்பகுதியிலும் மூன்று நிமிடம் கொடுத்துவைப்பதே மருந்து. நீண்டகாலச் செலவு வேறு. 16 வயதில் மூலையில் நின்று எறிய மட்டும் பழகியவன், 18 வயதில் ஐவரில் ஒருவனாகும்போது பந்தைத் தட்டிக்கொண்டு நான்கு அடி போகத் தெரியாமல் நிற்பான். போட்டியில் ஒரு வேலை கொடுத்தாலும் பயிற்சியில் எல்லா வேலையும் கொடுக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஏழு பேர் | ஆறாம் ஆள் | ஐவருக்கு ஐவர் | ஒரு வேலைக்கு ஒருவர் |
|---|---|---|---|---|
| களைப்பு | மோசம் | நன்று | மிக நன்று | சுமார் |
| பௌல் நெருக்கடி | ஆபத்து | சமாளிக்கலாம் | கவலையில்லை | இடத்தைப் பொறுத்தது |
| மாற்றும்போது சரிவு | இறக்குவது குறைவு என்பதால் சிறிது | மிகக் குறைவு | பெரிது | சில நிமிடத்துக்கு மட்டும் |
| வேண்டிய பயிற்சி | குறைவு | நடுத்தரம் | இரட்டிப்பு | குறைவு |
| அடுத்த வருட அணி | வெறுமை | ஒருவர் தயார் | ஐவர் தயார் | அரைகுறை |
| மறைந்த செலவு | பயிற்சிக்கு ஆள் குறைதல் | சொல்லாமல் விட்டால் மனக்கசப்பு | சிறந்தவர் வெளியே இருத்தல் | ஆட்டக்காரர் ஒருபக்கமாக வளர்தல் |

## ஒன்பதாம் ஆளுக்குப் பிறகு

எந்த வழியை எடுத்தாலும் சிலருக்குப் போட்டி நிமிடம் ஏறத்தாழ இல்லை. அவர்களுக்கு எதிரணியின் ஆட்டத்தைப் பயிற்சியில் நடித்துக் காட்டும் வேலையைக் கொடுக்கலாம். அடுத்து வரும் கல்லூரி 2–3 சோனில் (முன்னால் இருவர், பின்னால் மூவர்) நிற்பது என்றால், அந்தச் சோனை ஒரு வாரம் நின்று காட்டுபவர்கள் இவர்களே. இவர்களைப் போட்டியை வைத்து மதிப்பிடக் கூடாது. தொடக்க ஐவரைப் பயிற்சியில் எவ்வளவு திணறடிக்கிறார்கள் என்பதே இவர்களுடைய புள்ளி. கொப்பி எழுதுபவனும் இவர்களில் ஒருவனாக இருப்பது நல்லது, ஆட்டத்தை அவன் மற்றவர்களைவிட விரைவாகப் படிப்பான்.

## கேள்வி கேட்டவரின் அணிக்கு

அவர் எழுதிய விபரங்களின்படி, பந்தைக் கொண்டுவரக்கூடிய இருவரும் தொடக்க ஐவரிலேயே இருக்கிறார்கள், வாங்கில் அந்த வேலைக்கு ஒருவரும் இல்லை. அவருக்கு நான் சொல்வது இரண்டாம் வழியும் நாலாம் வழியும் கலந்த எட்டுப் பேர் ஒழுங்கு. அந்த இருவரில் இளையவனை ஆறாம் ஆளாக்கி, அவனுடைய இடத்தில் கூடைக்கடியில் நன்றாக இடம்பிடிக்கும் ஏழாமவனைத் தொடங்கவிடலாம். அப்போது ஆட்டத்தின் எந்த நிமிடத்திலும் பந்தைக் கொண்டுவர ஒருவன் களத்தில் இருப்பான், முதலாமவன் பௌல் வாங்கினாலும் அணி உடையாது. முடிக்கும் ஐவரில் இருவரும் நிற்கட்டும்.

தூரத்திலிருந்து எறிபவன் ஆறாம் ஆளுக்கு உரியவன் அல்லன். ஆசிரியரின் குறிப்பிலேயே அவன் தடுப்பாட்டத்தில் காலை நகர்த்துவதில்லை என்று இருக்கிறது. அவனுக்கு ஒவ்வொரு பாதியிலும் நான்கு நிமிடம், எதிரணி சோனுக்கு மாறியவுடன். ஐந்து ஆட்டங்களுக்குக் கொப்பியில் மிகை, குறை எழுதி, கூட்டுத்தொகை மிகையாக வந்தால் ஆறு நிமிடமாக்கலாம். உயர்தரப் பரீட்சைக்காக மூத்த பந்துக்காரன் விலகும் நாளில் ஆறாம் ஆள் தொடக்க ஐவருக்குப் போவான், எறிகைக்காரனுடைய நிமிடங்கள் தாமாகவே கூடும். ஆகவே அவன் இன்றிலிருந்து பயிற்சியில் எட்டு விநாடிக்குள் பந்தைக் கொண்டுவரப் பழக வேண்டும்.

இந்த ஒழுங்கை நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் எழுதி, பட்டியல் அனுப்புமுன் எட்டுப் பேருக்கும் தனித்தனியே காட்டுங்கள். தகப்பனார் மறுபடி வந்தால் அதே தாளையும் கொப்பியையும் அவருக்கும் காட்டலாம், ஆனால் மகன் பார்த்த பிறகு.